பாடும் குரலும் பேணும் குரலும்

இசை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது மேடை. மேடை நடுவே பாடகர். எதிரே கைதட்டும் அவை. இங்குக் கேட்போரே பாடுவோரை நாடி வருகின்றனர். நோயாளியின் கட்டிலருகே பாடுங்கால் இம்முறை தலைகீழாகிறது. அங்கே பாடுபவரே கேட்பவரின் உள்ளத்தை நாடிச் செல்ல வேண்டும். இம்மாற்றத்தைத் தம் வாழ்வில் நிகழ்த்திய முன்னோடிகளுள் ஒருவர் அமெரிக்கப் பாடகி ஈவா அகஸ்டா வெசீலியஸ். அவர் பாதை உணர்த்தும் உண்மையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய மரபு

இசையால் நோய் தணிக்கும் எண்ணம் அவரோடு தொடங்கியதன்று. துருக்கியின் எதிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயசீத் நிறுவி, 1488இல் நிறைவுற்ற மருத்துவமனையில் நோயாளர்க்கு இசை வழங்கப்பட்டது. பத்து இசைவாணர் வாரத்தில் மூன்று நாள் அங்கு இசைத்தனர் எனப் பதினேழாம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலபி குறித்துள்ளார். அக்கட்டடம் இன்று மருத்துவ அருங்காட்சியகமாக விளங்குகிறது. ஆனால், வெசீலியஸ் வாழ்ந்த அமெரிக்காவில் இசைச் சிகிச்சைக்கெனக் கல்வியும் இல்லை; பட்டமும் இல்லை. வழியைத் தாமே வகுக்க வேண்டிய நிலையில் அவர் இருந்தார்.

பாடகியின் பணி

1903ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் இசைச் சிகிச்சைக்கெனச் சங்கம் ஒன்றை அவர் நிறுவினார். 1913இல் ‘மியூசிக் அண்ட் ஹெல்த்’ என்னும் இதழைத் தொடங்கினார். நோயாளியின் நிலையறிந்தே இசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பாடகர்க்குப் பிடித்த பாடலன்று, நோயாளிக்கு உரிய பாடலே மருந்து என்பது இதன் கருத்து. மேடைக் கலைஞர் ஒருவர் இதனை ஏற்பது எளிதன்று; தம் திறனைக் காட்டும் வேட்கையையே அவர் துறக்க வேண்டியிருக்கிறது.

அவருடைய விளக்கத்தில் குறையும் உண்டு. நோய் என்பது உடலின் அதிர்வுகள் இசைவிழந்த நிலை என்றும், இசை அதனைச் சீராக்கும் என்றும் அவர் கருதினார். இன்றைய மருத்துவ அறிவியல் இதனை ஏற்பதில்லை. நல்லெண்ணமும் நல்ல குரலும் மட்டும் போதா. ஆய்வும் பயிற்சியும் வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

தொழிலாக மலர்தல்

முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களிடையே பணியாற்றிய மார்கரெட் ஆண்டர்டன், 1919இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் இசைச் சிகிச்சை வகுப்பு நடத்தினார். 1944இல் மிச்சிகன் மாநிலக் கல்லூரி இதற்கெனப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. 1950இல் அமெரிக்காவில் தேசியச் சங்கம் அமைந்தது. இவ்வாறு தனியொரு பாடகியின் ஆர்வம் போன்றவை, உளவியலும் உடலியலும் பயின்று ஈடுபடும் தொழிலாக உருப்பெற்றன.

பேச்சிழந்தோர்க்குப் பாட்டு

பக்கவாதத்தால் மூளையின் இடப்பகுதி பழுதுற்றோர் சிலர் ஒரு சொல்லும் பேச இயலாது தவிப்பர். வியப்பு யாதெனில், அவருள் சிலர் பழகிய பாடலைச் சொற்களோடு பாடிவிடுவர். இதனை அடிப்படையாகக் கொண்டு 1973இல் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் ஒரு பயிற்சி முறையை வெளியிட்டனர். ‘தண்ணீர் வேண்டும்’ போன்ற சிறு தொடரை ஏற்ற இறக்கமுள்ள இரு சுரங்களில் இசைத்து, இடக்கையால் தாளமிடச் செய்வர். பின்னர், சுரத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து இயல்பான பேச்சுக்குக் கொண்டுவருவர். இது அனைவர்க்கும் பயன்தருவதன்று. பிறர் பேச்சை நன்கு புரிந்துகொண்டும் தாம் பேச இயலாதோர்க்கே பெரிதும் ஏற்றது.

முடிவுரை

பல திங்கள் ஊமையாயிருந்த தந்தை தம் மகளிடம் தண்ணீர் கேட்பதை எண்ணிப் பாருங்கள். அங்குப் பாடுபவர் நோயாளியே. இசைச் சிகிச்சையாளர் மெல்லத் தம் குரலைத் தணித்து ஒதுங்கி நிற்கிறார். பாடகராயிருந்தவர் சிகிச்சையாளராகும் இடம் இதுவே. கற்ற கலை தம் புகழுக்கு மட்டுமன்றிப் பிறர் துயர் துடைக்கவும் உரியது என்பதை மாணவச் செல்வங்கள் உள்ளங்கொள்வார்களாக!