‘கேரியர்’ என்றால் நோயாளியா? மரபணு ஆலோசகர் தரும் விளக்கம்

மாணவர்களே, நான்காம் படிவ மாணவர்களுக்கான தலசீமியா இரத்தப் பரிசோதனையைச் சுகாதார அமைச்சு 2016-ஆம் ஆண்டு தொடங்கியது. பெற்றோர் சம்மதித்தால்தான் இரத்தம் எடுப்பார்கள். பெரும்பாலோருக்கு முடிவு இயல்பாகவே இருக்கும். சிலருக்கு மட்டும் ‘நீங்கள் தலசீமியா கேரியர்’ என்ற செய்தி வரும். அந்தச் செய்தி ஜாசினிலோ அலோர் காஜாவிலோ உள்ள ஒரு தோட்டத்து வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும்? “பிள்ளைக்கு இரத்தத்தில் நோயாம்” என்று பேச்சு கிளம்பும். அந்தப் பேச்சு தவறு. ஏன் தவறு என்று பார்ப்போம்.

நம் சிவப்பணுக்களில் பிராணவாயுவைச் சுமப்பது ஹீமோகுளோபின். அதன் ஒரு பகுதியான பீட்டா குளோபினை உருவாக்கும் மரபணு 11-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என நம்மிடம் அதன் இரண்டு பிரதிகள் உள்ளன. ஒன்று மட்டும் பழுதாக இருந்தால், மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். இவரே கேரியர், அதாவது பழுதான மரபணுவைச் சுமப்பவர். இவர் ஓடலாம், படிக்கலாம், வேலை செய்யலாம். சிவப்பணுக்கள் சற்றுச் சிறிதாக இருக்கலாம், அவ்வளவுதான்.

இரண்டு பிரதிகளும் பழுதானால் கடுமையான தலசீமியா வரலாம். அந்தக் குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். ஏற்றும் இரத்தத்தால் உடலில் சேரும் இரும்புச் சத்தை வெளியேற்றவும் மருந்து தேவை.

கேரியர்கள் இருவர் மணந்தால், ஒவ்வொரு கருவுக்கும் நோய் வரும் வாய்ப்பு 4-இல் 1. கேரியர் ஆகும் வாய்ப்பு 4-இல் 2. பழுதே இல்லாத வாய்ப்பு 4-இல் 1. இங்கே பலர் தடுமாறுகிறார்கள். “முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்கு வராது” என்று நினைக்கிறார்கள். நாணயத்தைச் சுண்டும்போது முந்தைய முடிவு அடுத்ததைப் பாதிக்காது அல்லவா? இதுவும் அப்படித்தான். ஒவ்வொரு கருவுக்கும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது.

இந்தக் கணக்கைக் குடும்பத்துக்குப் புரியவைப்பவரே மரபணு ஆலோசகர். ‘மரபணு ஆலோசனை’ என்ற பெயரை 1947-இல் சூட்டியவர் அமெரிக்க மரபியலாளர் ஷெல்டன் ரீட். அதற்கு முன்பு யார் பிள்ளை பெறலாம், யார் பெறக் கூடாது என்று பிறர் முடிவு செய்த கொடுமை பல நாடுகளில் நடந்தது. ஆகவே ஆலோசகர் தகவலைச் சொல்வார், முடிவைக் குடும்பத்திடமே விடுவார் என்பது இத்தொழிலின் அடிப்படை நெறியாக வளர்ந்தது. இதற்கான முதல் முதுகலைப் படிப்பு 1969-இல் நியூயார்க் மாநிலத்தின் சாரா லாரன்ஸ் கல்லூரியில் தொடங்கியது. நம் நாட்டில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் இப்படிப்பு உண்டு.

இந்த நெறியைக் கடைப்பிடிப்பது எளிதல்ல. “நீங்களே சொல்லுங்க டாக்டர், கல்யாணம் பண்ணலாமா வேணாமா?” என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். ஆலோசகர் ‘ஆம்’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ சொல்லிவிட்டால், அது அவருடைய முடிவாகிவிடும்.

இரண்டாவது சிக்கல் இரகசியம். உங்கள் முடிவு உங்களுடையது. ஆனால் நீங்கள் கேரியர் என்றால், பெற்றோரில் ஒருவராவது கேரியராக இருப்பார். உங்கள் அக்கா, தம்பி, சித்தி, மாமா ஆகியோருக்கும் அது இருக்கலாம். ஆலோசகர் உங்கள் அனுமதியின்றி அவர்களிடம் சொல்ல முடியாது. நீங்களே சொல்லும்படி ஊக்கப்படுத்துவார்.

மூன்றாவது, உறவுத் திருமணம். ஒரு பாட்டி கேரியர் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய மகன் வழிப் பேத்தியும் கேரியர். மகள் வழிப் பேரன், அதாவது அந்தப் பெண்ணின் அத்தை மகன், பாட்டியின் மரபணுவைப் பெற்றிருக்க என்ன வாய்ப்பு? அத்தைக்கு வந்திருக்கப் பாதி, அவரிடமிருந்து மகனுக்கு வரப் பாதி, ஆக 4-இல் 1. வெளியார் ஒருவர் கேரியராக இருக்கும் வாய்ப்பு, மலேசியாவில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்குப்படி, சுமார் 20-இல் 1. முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்று பேசும் வீடுகள் திருமணத்துக்கு முன் இரத்தம் பரிசோதிப்பது ஏன் முக்கியம் என்பது இதில் தெரிகிறது. இருவரில் ஒருவருக்கு அந்த மரபணு இல்லை என்று தெரிந்தால், இந்த நோயைப் பற்றிய பயம் நீங்கும்.

மருமகளை மட்டும் குறை சொல்லும் பழக்கத்துக்கும் இக்கணக்கில் இடமில்லை. நோய் வர இருவரின் பங்கும் தேவை.

மாணவர்களே, உங்கள் பரிசோதனை முடிவைப் பத்திரமாக வையுங்கள். கேரியர் என்றால் வீட்டில் உள்ளவர்களையும் அருகிலுள்ள அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் பரிசோதிக்கச் சொல்லுங்கள். வகுப்பில் யாருக்காவது அப்படி வந்தால், அதைக் கேலிப் பேச்சாக்காதீர்கள்.

பயிற்சி: தந்தை கேரியர், தாய்க்குப் பழுதில்லை. பிள்ளைக்குக் கடுமையான தலசீமியா வருமா? கேரியர் ஆகும் வாய்ப்பு எவ்வளவு?

விடை: கடுமையான நோய் வராது. கேரியர் ஆகும் வாய்ப்பு 2-இல் 1.