கணினியின் துபாசி

புதுச்சேரியில் ரங்கப்பிள்ளை வீதி என்றொரு வீதி உண்டு. பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயரைத் தாங்கியது அது. துபாசி என்பவர் இரு மொழி அறிந்தவர். ஒருவர் கூறுவதை மற்றவர்க்கு விளங்குமாறு எடுத்துரைப்பவர். பிள்ளையவர்கள் தாம் கண்டவற்றையும் கேட்டவற்றையும் 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பாக எழுதி வைத்தார். அக்கால நிகழ்ச்சிகளை முறை பிறழாமல் நாம் அறிவதற்கு அந்நாட்குறிப்பே பெருந்துணை.

கணினிக்கும் துபாசி உண்டு. நாம் எழுதும் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து, கணினி நிறைவேற்றுமாறு செய்யும் மென்பொருளை மொழிமாற்றி என்பர். முத்தையா அண்ணாமலை ஆக்கிய ‘எழில்’ மொழியில் தமிழிலேயே கட்டளைகளை எழுதலாம். அதன் மொழிமாற்றி பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. பைத்தானுடைய மொழிமாற்றியோ பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டது. துபாசிக்குப் பின் மற்றொரு துபாசி நிற்பதைப் போன்றது இது.

நம் கட்டளையில் பிழையிருப்பின், மொழிமாற்றி அதனை எடுத்துச் சொல்லும். மொழிமாற்றியிலேயே பிழையிருப்பின் யாது நிகழும்? நினைவகத்தில் தனக்கு உரிமையில்லாத இடத்தை அது தொட முயலலாம். உடனே இயக்க முறைமை அதனை நிறுத்திவிடும். துபாசியே மயங்கி வீழ்ந்தால் செய்தி சொல்வார் யார்?

அப்போது உதவுவது பிழைநீக்கி. பெயர் அவ்வாறாயினும் அது தானே பிழையை நீக்குவதில்லை. பிழையை நாம் காணத் துணைபுரிகின்றது. 1986-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் ஆக்கிய ஜி.டி.பி. அத்தகையது. வீழ்ந்த கணத்தில் இயங்கிய செயற்கூறு எது, அதனை அழைத்தது எது, அதற்கும் முன் அழைத்தது எது என்று அது பின்னோக்கி வரிசையாகக் காட்டும். வீழ்ந்தவனின் நாட்குறிப்பை இறுதிப் பக்கத்திலிருந்து படிப்பதற்கு ஒப்பானது இது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு செயற்கூறு ஒரு சொல்லின் நீளத்தை அளக்க முயன்று வீழ்ந்தது. அதற்குக் கொடுக்கப்பட்ட நினைவக முகவரி சுழி. அங்கே சொல் ஏதும் இல்லை. குற்றம் அதனுடையதா? அன்று. அதனை அழைத்த செயற்கூறு, தான் பெற்ற முகவரியை அவ்வாறே கொடுத்தது. அதற்கும் முன்னுள்ளது, பட்டியலில் ஒரு பெயரைத் தேடியது, பெயர் கிடைக்கவில்லை. கிடைத்ததா என்று பாராமலே அது சுழியை அனுப்பிவிட்டது. பிழை பிறந்த இடம் அதுவே.

வீழ்ந்த இடத்தில் மட்டும் ஒரு காப்பு அமைத்தால் வீழ்ச்சி நிற்கும், பிழை நீங்காது. அது பின்னொரு நாள் தவறான விடையாய்த் தலைகாட்டலாம். வீழ்ச்சி எல்லார்க்கும் தெரியும். தவறான விடையோ சரியான விடையைப் போலவே தோன்றும். ஆதலின் அதுவே கொடிது. பிழையைத் திருத்திய பின்னும், முன்பு வீழச் செய்த அதே கட்டளையை மீண்டும் கொடுத்துச் சோதித்தல் வேண்டும்.

நோயின் காரணத்தை ஆராய்ந்தே மருந்து செய்தல் வேண்டும் என்பது திருவள்ளுவர் காட்டிய நெறி. மாணவர்களே, அந்நெறி உடலுக்கு மட்டும் உரியதன்று. வீழ்ந்தவன்மேல் பழி சுமத்துதல் எளிது; வீழ்த்திய பிழையைப் பொறுமையுடன் பின்தொடர்ந்து காண்பதே அறிவுடைமை.