பங்களாவுக்குள் கொலை வைக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

திரைக்கதையைப் படித்து முடித்தேன். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைப் பார்த்தபடி ஒரு பெரிய வீடு, மாடியில் செத்துக் கிடக்கும் ரியல் எஸ்டேட் முதலாளி, கீழே குடும்பம். கரு நன்றாக இருக்கிறது. ஆனால் முதல் பாதி முழுக்க வராந்தா, திரைச்சீலை, மழை என்று கேமராதான் மெதுவாக நகர்கிறது. இந்த மாதிரிப் படத்தில் காட்சிக்குக் காட்சி நகர வேண்டியது, யாரை நம்பலாம் என்று பார்ப்பவன் போட்டு வைத்திருக்கும் கணக்கு.

'புதிய பறவை'யை மறுபடியும் பார். 1964-இல் சிவாஜி பிலிம்ஸ் தயாரித்து தாதா மிராசி இயக்கியது. மனைவி சித்ரா ரயிலில் விழுந்து செத்தாள் என்று பணக்கார கோபாலே சொல்கிறான். அவன் துயரத்தைப் பார்த்து நாமும் நம்பிவிடுகிறோம். பிறகு ஒருத்தி வீட்டுக்குள் நுழைந்து நான்தான் சித்ரா என்கிறாள். அவளைப் பொய்க்காரி என்று காட்ட அவன் என்னென்னவோ செய்து பார்க்கிறான்; ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் மிஞ்சுவது ஒரே வழி. சித்ரா அவன் கையால்தான் செத்தாள் என்பதை அவனே சொல்லியாக வேண்டும். காதலித்தவள் உட்பட சுற்றியிருந்தவர்கள் போலீஸ் என்பது அதற்குப் பிறகுதான் தெரிகிறது. உண்மையை அவன் வாயாலேயே வரவழைத்தார்களே, அதற்காகத்தான் இன்றும் அந்தப் படத்தைக் கொண்டாடுகிறோம்.

உன் கதையில் இன்ஸ்பெக்டர் எட்டுப் பக்கம் விளக்குகிறார். அதில் ஒரு வரிகூட வேண்டாம். அவர் சொல்லும் நல்ல தடயம் ஒன்று இருக்கிறது: ஐயா அன்றிரவு தனியாகத்தான் பால் குடித்தார் என்கிறாள் மனைவி, தொட்டியில் கிடந்ததோ இரண்டு டம்ளர். இதை முதல் பத்து நிமிடத்திலேயே வேலைக்கார அம்மாள் கையில் கொடு. விடிகாலையில் பாத்திரம் தேய்க்க வருகிறாள், இரண்டையும் கழுவிக் கவிழ்க்கிறாள், மாடியைப் பார்க்கிறாள். வசனமே வேண்டாம். பெரிய வீட்டு ரகசியம் முதலில் தெரிவது அவளுக்குத்தான். அவளிடம் யாரும் கேட்பதில்லை.

மூத்த மகனை மனநலம் சரியில்லாதவனாக வைத்துச் சந்தேகத்தை அவன் பக்கம் திருப்பியிருக்கிறாய். அது சுலபமான வழி, அநியாயமும் கூட. மாற்றிவிடு.

இனி கதை நடக்கும் ஊரைப் பற்றி. எஸ்.பாலசந்தர் 'நடு இரவில்' படத்துக்காக ஒரு தீவில் பங்களாவை வைத்து உறவினர்களை அடைத்தார், 1970-இல் வந்தது. உனக்கு அந்தத் தண்ணீர் ஊரிலேயே இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தை நம் பக்கத்து ஜனங்களுக்கு யாரும் விளக்க வேண்டாம். கரண்ட் இல்லை, போன் இல்லை, தெருவில் படகு. அப்படி ஓர் இரவில் கதையை வை. அதைவிட முக்கியம், அந்த முதலாளியின் பணம் எங்கிருந்து வந்தது என்பது. 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம் பள்ளிக்கரணை. அதைச் சுற்றி எவ்வளவு மண் கொட்டி எவ்வளவு மனை போட்டார்கள் என்று உனக்கே தெரியும். கொலைக்கான காரணத்தை அந்தப் பத்திரங்களில் தேடு. நீ காரணமாக வைத்திருக்கும் வெளியூர்க் காதல் கதை எதற்கு?

தயாரிப்பாளர் பாட்டு கேட்பார். பாட்டே இல்லாத 'அந்த நாள்' 1954-லேயே ஏவி.எம்.மில் வந்துவிட்டது என்று சொல்.

இன்ஸ்பெக்டரின் எட்டுப் பக்கத்தையும் வெட்டிவிட்டு அடுத்த வரைவை அனுப்பு. அன்றைக்கே படித்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்