சாத்தம் பாலத்தருகே மண்ணைத் தொடுமுன்

2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேர் நகரிலிருந்து ஒரு சிறு பாலத்தைக் கடந்து சாத்தம் தீவினுள் நுழைகிறவர், 1883-ஆம் ஆண்டு ஆங்கில அரசாங்கம் நிறுவிய மர அறுவை ஆலையையும், 1942 மார்ச்சில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியதால் உண்டான பெரும் பள்ளத்தையும், பாம்பூ ஃப்ளாட்டுக்குப் போகும் படகுக்காக ஜெட்டியில் காத்து நிற்கும் ஜனங்களையும் சில நிமிஷ நடையில் கண்டுவிடலாம். இவ்வளவு சிறிய நிலப்பரப்பில் இவ்வளவு நீண்ட தொழிற் சரித்திரம் படிந்திருப்பதனால்தான், இங்கே ஒரு சாலையை அகலப்படுத்தவோ பாலத்தைப் புதுப்பிக்கவோ உத்தரவு வருமாயின், கடப்பாரையை எடுப்பதற்கு முன் அந்த இடத்தின் பூர்வோத்தரத்தை விசாரிப்பது அவசியமாகிறது.

இந்த விசாரணையையும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டையும் பலர் ஒன்றாகவே எண்ணிவிடுகிறார்கள். 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி பெரிய நெடுஞ்சாலைகளுக்குச் செய்யப்படும் மதிப்பீடு, நாம் கட்டப்போகும் சாலை அந்த இடத்தை என்ன செய்யும் என்று முன்னோக்கிக் கேட்பது. இடப் பரிசோதனையோ, அந்த இடத்தில் ஏற்கெனவே புதைந்தும் படிந்தும் கிடப்பவை நம் கூலியாட்களையும் அக்கம்பக்கத்து ஜனங்களையும் என்ன செய்யும் என்று பின்னோக்கிக் கேட்பது. அமெரிக்காவில் 1973-ஆம் ஆண்டிலேயே கல்நாருக்கென (ஆஸ்பெஸ்டாஸ்) வகுத்த விதிகளின் வழியே, பாலமானாலும் இடிக்குமுன் கல்நார் உண்டா என்று பார்த்தாக வேண்டும் என்னும் வழக்கம் நிலைபெற்றது. நாம் அந்த நிபந்தனையை நம் ஒப்பந்தப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதிக்கொள்வது உத்தமம்.

முதற்படி, ஏடுகளைப் பார்ப்பது. ஆலையின் பழைய வரைபடங்கள், பொதுப்பணித் துறையின் கட்டுமானப் பதிவுகள், குடிநீர்க் குழாய் சென்ற தடம், எண்ணெய் வைத்திருந்த கிடங்கு, மரத்துக்கு மருந்து ஏற்றிய தொட்டி இவற்றையெல்லாம் ஒரே வரைபடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தமானில் ஒரு விசேஷ எச்சரிக்கை உண்டு. 2004 டிசம்பர் 26 பூகம்பத்தில் இப்பகுதியின் நிலம் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்துபோயிற்று. அருகிலுள்ள சிப்பிகாட்டில் வயலாயிருந்தது உப்புநீர்ப் பரப்பானது அதனாலேயே. ஆகவே அதற்கு முந்திய வரைபடங்களில் உள்ள மட்டங்களையும் ஓதக் கோட்டையும் அப்படியே நம்பி, நாம் தோண்டும் குழி வறண்டிருக்கும் என்று தீர்மானித்துவிடலாகாது. மட்டத்தைப் புதிதாக எடுக்க வேண்டும். குண்டு விழுந்த பூமியாதலால், ஆழத் தோண்டுமுன் வெடிக்காத குண்டு ஏதும் உண்டா என்று தகுந்த நிபுணரைக் கொண்டு சோதித்துக்கொள்வதும் இந்தப் படியிலேயே சேரும்.

இரண்டாம் படி, மனிதர்களைக் கேட்பது. என் அபிப்பிராயத்தில் ஏடுகளைவிட இதுவே அதிகப் பிரயோசனமுள்ளது. கடிதத்தில் வராத செய்தி, ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவரின் திண்ணையில் உட்கார்ந்தால் வரும். "ஐயா, அபாயமான பொருள் ஏதாவது இருந்ததா?" என்று கேட்டால் இல்லை என்றே சொல்வார், "ஐயா, அந்தக் கொட்டகைக் கூரையை எந்த வருஷம் மாற்றினீர்கள், கழற்றின ஷீட்டுகளை எங்கே போட்டீர்கள்?" என்று கேட்டால் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டுவார்.

மூன்றாம் படியாக, நடந்து பார்க்க வேண்டும். கல்நார் என்றால் கூரை மேல் போடும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மட்டுமே நினைவுக்கு வருகிறது. கடற்காற்றில் தகரம் சீக்கிரம் துருப்பிடிக்கும் ஊர்களில் அந்த ஷீட்டின்மேல் ஜனங்களுக்கு ஆசை உண்டாவதும் சகஜமே. ஆனால் சாலைக்காரர்கள் அதைவிட அஞ்ச வேண்டியது மண்ணுக்குள் கிடக்கும் ஏசி பைப். சிமென்டுடன் கல்நார் கலந்து வார்த்த இந்தக் குழாய்கள் நம் நாட்டுக் குடிநீர்த் திட்டங்களில் ஏராளமாகப் பதிக்கப்பட்டவை. சாலையை அகலப்படுத்தும்போது குறுக்கே தட்டுப்படும் அவற்றைச் சுழலும் அறுப்பு மெஷினால் உலர்ந்தபடியே அறுப்பதைவிடக் கேடான காரியம் இத்தொழிலில் வேறில்லை. பாலத்தில் தூணுக்கும் தளத்துக்கும் இடையிலுள்ள தாங்கித் தகடுகள், விரிவு இணைப்புகளில் அடைத்த பொருள், தளத்தினடியே கம்பிகள் செல்லும் குழாய், மழைநீர் வடிகுழல், நீர்க்காப்புப் பூச்சு இவை சந்தேகத்துக்குரியவை. பழைய நீராவி எந்திரங்கள் இருந்த இடமாயின், கொதிகலனிலும் குழாயிலும் சுற்றிய வெள்ளைப் பூச்சையும் கயிற்றையும் கையால் தொடாமல் குறித்துக்கொள்ள வேண்டும். இரும்புப் பாலமானால் அடிப்பூச்சில் ஈயச் செந்தூரம் இருக்கக்கூடும். அதைச் சுரண்டுவதற்கும் இதே ஜாக்கிரதை வேண்டும்.

நான்காவது, மாதிரி எடுத்தல். ஒரே தோற்றமுள்ள பொருள் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு இடத்தில் குறைந்தது மூன்று மாதிரிகள் எடுப்பது நல்ல வழக்கம். சிறிது சோப்புக் கலந்த நீரால் அந்த இடத்தை நனைத்து, நாணயமளவு துண்டை மெதுவாகப் பெயர்த்து, இரட்டைப் பையிலிட்டு, எண்ணும் இடமும் நேரமும் எழுதி, பெயர்த்த வாயைப் பிசினோ பூச்சோ கொண்டு மூடிவிட வேண்டும். எடுப்பவர் துணி முகமூடியை நம்பலாகாது. நுண்ணிழைகளைத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய, முகத்தோடு இறுகும் சுவாசக் கவசமே வேண்டும். கண்ணால் பார்த்துக் கல்நார் உண்டு இல்லை என்று சொல்பவரை நம்ப வேண்டாம். தளவிளைவுற்ற ஒளியில் பார்க்கும் நுண்ணோக்கியுள்ள ஆய்வுக்கூடமே அதைத் தீர்மானிக்க வல்லது.

மண்ணைப் பொறுத்தவரை, மருந்துத் தொட்டி இருந்த இடத்தில் தாமிரம், குரோமியம், ஆர்செனிக் ஆகியவற்றையும், எண்ணெய்க் கிடங்கருகே பெட்ரோலியக் கழிவையும் தேட வேண்டும். மரத்துக்குப் பூச்சி அரிக்காமல் ஏற்றும் மருந்துகளில் முதல் மூன்றும் உலகெங்கும் நெடுங்காலம் கலந்திருந்தன. மேற்பரப்பில் ஒன்று, அரை மீட்டர் ஆழத்தில் ஒன்று, தோண்டப்போகும் அடிமட்டத்தில் ஒன்று என்று எடுக்கலாம். நிலத்தடி நீரை ஓதம் ஏறியபோதும் வற்றியபோதும் தனித்தனியே எடுப்பது தீவில் தவிர்க்க முடியாதது. கடல் தினமும் இருமுறை அந்த மண்ணைக் கழுவிக்கொண்டே இருக்கிறது.

கல்நார் இருப்பது உறுதியானால், உடைக்கத் தொடங்குமுன் அதை எங்கே கொண்டுபோவது என்று தீர்மானிக்க வேண்டும். நிலப்பகுதியில் இக்கேள்வியைக் கடைசியில் கேட்டாலும் பாதகமில்லை, தீவில் இதுவே முதற்கேள்வி. சென்னை 1,300 கிலோமீட்டருக்கும் அதிகமான கடலுக்கப்பால் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற அபாயக் கழிவுக்கான புதைநிலத்துக்கு அனுப்புவதாயின் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் அனுமதியும், கப்பலில் இடமும், செலவுக்குத் தொகையும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரவோடிரவாக அது சதுப்புநிலத்தில் கொட்டப்படும், அல்லது யாராவது ஏழை வீட்டுக் கூரையாகும். இரண்டாவதை நினைக்கும்போதுதான் எனக்கு மிகவும் வேதனை உண்டாகிறது.

வேலை நடக்கும்போது ஷீட்டுகளை உடைக்காமல் ஆணியைக் கழற்றி முழுதாக இறக்க வேண்டும். ஏசி பைப்பை நனைத்து இணைப்பிலேயே பிரிக்க வேண்டும். கனத்த பாலிதீனில் இரண்டு சுற்றாகக் கட்டி எச்சரிக்கை எழுத வேண்டும். மே முதல் பெய்யும் பருவமழை தூசியை அடக்கும் என்று மகிழ்ந்து மழைநாளில் செய்யலாகாது, ஓடும் நீர் இழைகளைக் கடலுக்கும் சந்துகளுக்கும் சுமந்து செல்லும். கூலியாட்கள் அதே உடையோடு வீட்டுக்குப் போகாதபடி, குளித்து மாற்றிக்கொள்ள இடம் அமைக்க வேண்டும். துவைக்கும் மனைவிக்கும் மடியிலேறும் குழந்தைக்கும் அந்த உடையிலிருந்தே நோய் வந்த சரித்திரம் உண்டு.

முடிவாக ஒரு பதிவேடு. கல்நாரால் வரும் புற்றுநோய் பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் கழித்தே வெளிப்படுவதால், 1995 ஜனவரி 27-இல் நம் உச்சநீதிமன்றம், கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவை அவர் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகளோ, வேலை நீங்கியபின் 15 ஆண்டுகளோ, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க உத்தரவிட்டது. பாலம் கட்ட வந்த தினக்கூலிக்காரர்கள் விஷயத்திலும் அதே முறையைக் கைக்கொண்டு, யார், எந்த ஊர், எத்தனை நாள், எந்தப் பொருளைத் தொட்டார் என்று பெயர் பெயராக எழுதி, பிரதியொன்றைத் தீவிலும் மற்றொன்றை, ஈரமும் பூகம்பமும் எட்டாதபடி, கடலுக்கப்பாலுள்ள அலுவலகமொன்றிலும் வைக்க வேண்டும். ராமநாதபுரத்திலிருந்தோ ராஞ்சியிலிருந்தோ வந்து ஆறு மாதம் வேலை செய்து திரும்பிவிட்ட ஒருவர், முப்பது வருஷத்துக்குப் பிறகு இருமலோடு மருத்துவரிடம் போகும்போது, அவர் சொல்லக்கூடிய தேதியும் காட்டக்கூடிய சீட்டும் அந்த ஏட்டிலிருந்துதான் கிடைக்க வேண்டும்.