முன்சக்கர பேரிங்: இறுக்கும் முன் ஆட்டிப் பாருங்கள்

புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கம் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் தினமும் ஓடும் காருக்கு முன்சக்கர பேரிங் சீக்கிரமே தேயும். மழையில் சேற்றுத் தண்ணீர் உள்ளே புகுந்தால் கிரீஸ் கெட்டுவிடும்.

வேகத்தோடு இரைச்சலும் கூடுகிறதா? பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பவே கூடாது. சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால், ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் கோளாறு பேரிங்கில். நிற்காவிட்டால் பால் ஜாயின்ட்டைப் பாருங்கள்.

மைவி, சாகா போன்ற கார்களில் இறுக்க வழியில்லை. பட்டறையில் புது பேரிங்தான் போட வேண்டும். டாட்சன் 120 வை மாதிரி பின்சக்கரம் இழுக்கும் பழைய வண்டிகளில்தான் இறுக்கலாம். சக்கரத்தைச் சுழற்றியபடியே நடுமூடிக்குள் இருக்கும் நட்டை ஸ்பானரால் இறுக்கி பேரிங்கை உட்காரவைத்து, தளர்த்தி, பிறகு விரலால் மட்டும் முடுக்குங்கள். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். நட்டு கழலாமல் பூட்டும் பழைய காட்டர் பின்னை நிமிர்த்தி மாட்டாதீர்கள். புதிய பின் சில காசுதான், அது விட்டுப்போனால் சக்கரமே கழன்றுவிடும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இரு பக்கத்து நடுமூடியையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் இறுக்கம் அதிகம்.