மனநலம் அறிவோம்: வாரத்தின் மற்ற ஆறு நாட்கள்

"மனச்சோர்வுக்குக் கம்ப்யூட்டரிலும் கைப்பேசியிலும் பயிற்சிகள் வந்துவிட்டனவாமே! பிறகு டாக்டரைப் போய்ப் பார்ப்பானேன்?" நமது சங்கத்து அன்பர்கள் சிலர் என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். காளிகாட்டில் மனநல ஆலோசகராகப் பணிபுரிபவள் என்ற முறையில் விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மனமருத்துவத்துக்கு நாம் வாழும் இந்நகரம் புதிதல்ல. 1922-இல் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை இங்கே நிறுவியவர் டாக்டர் கிரீந்திரசேகர் போஸ். 1933-இல் அவர் அன்றைய கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் (இன்றைய ஆர்.ஜி. கர்) புறநோயாளிகளுக்கான மனநலப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் ஒரு பொது மருத்துவமனையில் அமைந்த முதல் மனநலப் பிரிவு அதுவே. மருத்துவமனையில் தங்காமல், வந்து பேசிவிட்டு வீடு திரும்பும் வழக்கம் அப்படித்தான் இங்கே வேரூன்றியது.

இந்த முறையில் ஒரு குறை உண்டு. வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் ஆலோசகரோடு பேசுவது ஒரு மணி நேரம். மீதி நேரமெல்லாம் நோயாளி தம் மனத்தோடு தனியே இருக்கிறார். சோர்வு வந்தால் வேலை குறையும். வேலை குறைந்தால் சோர்வு மிகும். இந்தச் சுழலை வீட்டில்தான் அறுக்க வேண்டும்.

அதற்குத்தான் இணையவழிப் பயிற்சிகள். பாடம் போல அமைந்த இவை, அன்றாட வேலைகளைத் திட்டமிடவும், மனத்தில் ஓடும் எண்ணத்தை எழுதிப் பார்த்துச் சோதிக்கவும், தூக்கத்தை ஒழுங்கு செய்யவும் கற்றுத் தருகின்றன. ஜெர்மனியில் உருவான 'டெப்ரெக்சிஸ்' அவற்றுள் ஒன்று. வழக்கமான உளச்சிகிச்சை பெற்றுவந்த 98 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் இதையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. மூன்று மாதத்தில், சேர்த்துப் பெற்றவர்களுக்கே சோர்வு அதிகம் குறைந்திருந்தது. அதே சமயம், வழிகாட்ட ஆளில்லாமல் தனியே தொடங்குபவர்களில் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள் என்பதும் பல ஆய்வுகளில் கண்ட உண்மை. ஆகவே 'டாக்டரா, கைப்பேசியா?' என்ற கேள்வியே தவறு. இரண்டும் சேர்ந்தால்தான் பலன்.

நம்மவர்களுக்கு இதில் மொழி என்ற சிக்கலும் சேர்கிறது. நான் கண்ட ஒன்றை, உரியவரின் சம்மதத்தோடு, அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன்.

கணவர் காலமானபின் மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர் அந்த அம்மாள். வங்காளி தெரியாது. டாக்டர் வங்காளியில் கேட்க, பேரன் மொழிபெயர்த்தான். "தூக்கமில்லை, பசியில்லை" என்றதோடு சரி. 'எதற்காக இருக்கிறோம்' என்று தோன்றுவதைப் பேரன் வாயால் எப்படிச் சொல்ல வைப்பார்? என்னிடம் தமிழில் பேசியபோது, இரண்டாம் முறைதான் அது வெளிவந்தது. உடனே டாக்டருக்குத் தெரிவித்தோம். மருந்தோடு, வாரம் ஒரு முறை என்னுடன் பேச்சு என்று ஏற்பாடாயிற்று.

ஆங்கிலப் பயிற்சிகள் அவருக்கு உதவா. எனவே பாடங்களின் சாரத்தைத் தமிழில் என் குரலில் பதிவு செய்து அவர் கைப்பேசிக்கு அனுப்பினேன். காலையில் ஒரு வீட்டு வேலை, மாலையில் லேக்கில் சிறிது நடை, இரவில் மனநிலைக்கு ஒன்று முதல் பத்து வரை ஒரு மதிப்பெண். அவரும் குரலிலேயே பதில் அனுப்பினார். நான்கு வாரம் சேர்த்துப் பார்த்தபோது, மதிப்பெண் ஞாயிறுதோறும் தாழ்ந்திருந்தது. எல்லோரும் வீட்டிலிருந்து, வங்காளியிலும் ஆங்கிலத்திலும் பேசிச் சிரிக்கும் நாள் அது! நேரில் பேசியபோது அவரே இதைச் சொன்னதில்லை, அவருக்கே தெரிந்திருக்கவில்லை. அவர் சம்மதத்தோடு மகனிடம் சொன்னேன். ஞாயிறு மதியச் சாப்பாடு தமிழில் நடக்கலாயிற்று. முற்றும் குணமாகிவிட்டார் என்று சொல்லமாட்டேன். மூன்றாக இருந்த ஞாயிற்றுக்கிழமை மதிப்பெண் ஆறாயிற்று.

வாசகர்கள் கவனிக்க வேண்டியவை:

1. பயிற்சியைத் தொடங்குமுன் டாக்டரிடமோ ஆலோசகரிடமோ சொல்லுங்கள். அதில் எழுதுவதை அவர் பார்த்தால்தான் பயன்.

2. தற்கொலை எண்ணம், பிரமை, இல்லாத குரல் கேட்பது ஆகியவற்றுக்குக் கைப்பேசிப் பயிற்சி போதாது. தாமதியாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பவானிப்பூரில் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையைச் சேர்ந்த மனநலக் கழகம் நமக்கு அருகிலேயே இருக்கிறது.

3. ஒரே கைப்பேசியை வீட்டில் பலர் எடுத்துப் பார்ப்பது நமது வழக்கம். நோயாளி எழுதுவதையோ பேசுவதையோ கேளாமல் திறக்காதீர்கள்.

4. மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையின் எண் 14416. கட்டணமில்லை, இரவும் பகலும் உண்டு. தமிழும் வங்காளியும் உட்பட 20 மொழிகளில் பேசலாம். இந்த எண்ணைக் குளிர்பதனப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

5. பெரியவர்களை டாக்டரிடம் அழைத்துச் செல்லும்போது பிள்ளைகளை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். தமிழும் வங்காளியும் அறிந்த, குடும்பத்தைச் சேராத ஒருவர் உடன் செல்வது நல்லது. நமது சங்கத்தில் அத்தகையவர்கள் பலர் இருக்கிறார்கள். மாதம் ஒரு காலைப்பொழுதை இதற்கு ஒதுக்க முன்வருவோர் தம் பெயரைச் சங்கச் செயலாளரிடம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.