படத்துக்கு வெளியே ஓடும் எழுத்து

பிள்ளையார்பாளையத்தில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுவது என் தொழில். கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக அன்னமும் யாளியும் நிரப்பிப் பழகிய கண்ணுக்கு, தொலைக்காட்சி ஒளிபரப்போடு சேர்ந்து எழுத்தாக வரும் டெலிடெக்ஸ்ட் பக்கம் பார்த்தவுடனே பிடித்துப்போகும். வரிக்கு 40 எழுத்து. படம் வேண்டுமென்றால் ஓர் எழுத்தின் இடத்தை ஆறு சிறு கட்டங்களாகப் பிரித்து, நிரப்பியும் விட்டும் 64 வடிவங்கள். வானிலை வரைபடத்தைக்கூட இதற்குள்ளேயே வரைந்துவிடுகிறார்கள்.

பி.பி.சி. 1974இல் சீஃபேக்ஸ் என்று இதைத் தொடங்கியது. நம் தூர்தர்ஷன் 1985 நவம்பரில் டெல்லியில் 'இன்டெக்ஸ்ட்' என்ற பெயரில் கொண்டுவந்தது. அந்தக் கால ஒளிபரப்பில் ஒரு படத்துக்கு 625 கோடுகள். அவற்றில் சில திரைக்கு வராதவை. எழுத்து அந்தக் கோடுகளில்தான் பயணம் செய்தது. பிடி878 சிப் உள்ள பழைய டியூனர் அட்டையை லினக்ஸ் கணினியில் செருகினால், படத்துக்கு ஒரு வழியும் இந்தக் கோடுகளுக்கு விபிஐ என்று தனி வழியும் திறக்கும். ஏலெவிடி என்ற சின்ன மென்பொருள் அந்த இரண்டாவது வழியைப் படித்துப் பக்கமாகக் காட்டும்.

இங்கே மொட்டைமாடியில் தென்கிழக்கே பார்த்து நிற்கும் டிடி ஃப்ரீ டிஷ் தட்டில் நான் தேடியவரை டெலிடெக்ஸ்ட் இல்லை. ஜெர்மனியில் இருக்கும் அத்தை மகன் ஏஆர்டி, இசட்டிஎஃப் ஒளிபரப்பைப் பதிவு செய்து அனுப்பியதில்தான் பழகினேன். அவரிடம் முதலில் சொன்னது, "மச்சான், எம்பி4 ஆக்காமல் டி.எஸ். கோப்பாகவே அனுப்புங்க." டிஜிட்டலில் எழுத்து தனித் தடமாக வருகிறது. எம்பி4 ஆக்கினால் படமும் ஒலியும் மிஞ்சும், அந்தத் தடம் போய்விடும். டிவிஹெட்எண்ட் என்ற மென்பொருளில் பதிவு செய்கிறவர்கள் 'பாஸ்' முறையைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் அப்படியே இருக்கும். கோப்பை வெட்டும்போதும் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளிடம் எல்லாத் தடங்களையும் நகலெடு என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் வகைக்கு ஒன்றுதான் எடுக்கும்.

கோப்பு கைக்கு வந்ததும் அதனுடன் வரும் எஃப்எஃப்ப்ரோப் என்ற கருவியில் ஓட்டி, 'டிவிபி டெலிடெக்ஸ்ட்' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விஎல்சியிலேயே பக்கம் திறக்கும். 100 முகப்பு. வசன வரிகள் ஏஆர்டியில் 150, இசட்டிஎஃப்பில் 777. எண்ணைத் தட்டியதும் வராது. பக்கங்கள் வரிசையாகச் சுற்றி வருகின்றன, முறை வரும்வரை பொறுக்க வேண்டும். ஆகவே பதிவு சில நிமிடங்களாவது நீளமாக இருக்கட்டும். லத்தீன், கிரேக்கம், சிரிலிக், அரபு, ஹீப்ரு எழுத்துகளுக்கெல்லாம் அந்தத் தரத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தமிழுக்கு இல்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

இவ்வளவும் எழுதத் தூண்டியது பழைய வீடியோ நாடாக்கள்தான். வி.எச்.எஸ். நாடாவில் எழுத்துக் கோடுகளும் மங்கலாகப் பதிந்திருக்கும். வினாடிக்கு சுமார் 69 லட்சம் பிட் ஓடும் குறியீட்டை அந்த நாடா தெளிவாகப் பிடிக்காது. தொலைக்காட்சிப் பெட்டியால் படிக்க முடியாது. வி.எச்.எஸ்.-டெலிடெக்ஸ்ட் என்ற திறந்த மென்பொருள் லினக்ஸில் இதை மீட்கிறது. ஒரே பக்கம் திரும்பத் திரும்ப ஒளிபரப்பானதால், மங்கிய பல பிரதிகளை ஒப்பிட்டு ஒரு நல்ல பிரதியைத் தேற்றுகிறது. அதற்கும் விபிஐ படிக்கும் பழைய டியூனர் அட்டை வேண்டும்; கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாட்களில் டெல்லியில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் தூர்தர்ஷனைப் பதிவு செய்த நாடாக்களில் இன்டெக்ஸ்ட் பக்கங்கள் தங்கியிருக்கலாம். கடையில் கொடுத்து டிவிடி ஆக்கினால் படம் மட்டும்தான் வரும். டிவிடி கைக்கு வந்தபிறகும் நாடாவைத் திருப்பி வாங்கி வையுங்கள்.